ஏழாம் ஷரத்து

ஒரு சிறுமி வாள் உருவுகிறாள்.
முதல் படத்தில் கை இடுப்பில்,
கடைசிப் படத்தில் கை ஆகாசத்தில்.
இரண்டையும் டோக்கியோவில் யாரோ வரைந்துவிட்டார்கள்.
இடையில் வேண்டிய படங்களை
மேலப்பாளையத்தில் அண்ணன் வீட்டு மச்சில்
வடக்கு பார்த்த ஜன்னலடியில்
நான் வரைகிறேன்.

படம் ஒன்றுக்கு முப்பத்திரண்டு ரூபாய்.
டோக்கியோவில் கிளம்பும்போது எவ்வளவோ, தெரியாது.
சியோலில் ஒரு மடை, சென்னையில் ஒரு மடை,
வண்ணாரப்பேட்டையில் தளவாய் அண்ணன் மடை.
பாளையங்கால்வாய்த் தண்ணீர்போல
கடைசி வயலுக்கு வந்து சேர்கிறது
பாதம் நனைய.

அங்கே காலை பத்து என்றால் எனக்கு ஆறரை.
சுபுஹுப் பாங்கு கேட்கும்போது
இன்னும் பதினொரு படம் பாக்கி.
பதினொன்றிலும் அவளுக்கு
இடுப்பு வரை கூந்தல்.
மொட்டையாகப் படைத்திருக்கலாம் அந்தப் பிள்ளையை.

கீழே செய்யதலி பாத்திமா மைனி
மடியில் சொளவோடு பீடி சுற்றுகிறாள்.
ஆயிரத்துக்கு இவ்வளவென்று கூலி.
"ஒனக்கும் கழிவு உண்டா?" என்றாள் ஒருநாள்.
உண்டு மைனி, ரீடேக் என்பார்கள்.
"கழிச்சதத் திருப்பி வரைஞ்சா துட்டு?"
கிடையாது.
"பி.எஃப். அட்டை?"
கிடையாது.
"பீடி ஆஸ்பத்திரி மாதிரி எதுவும்?"
நான் பென்சில் சீவப் போனேன்.
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம்.
இடப்பக்கம் ஜப்பானியம், வலப்பக்கம் இங்கிலீஷ்,
அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.
அந்தக் கோடு மட்டும்தான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது.
ஏழாம் ஷரத்தைத் தளவாய் அண்ணன்தான் பெயர்த்துச் சொன்னார்:
இது வேலை அல்ல, பணி ஒப்படைப்பு.
கீழே ஒப்பமிடுபவர் தொழிலாளி அல்லர்.
திருத்தங்களுக்குக் கட்டணம் இல்லை.

வியாழக்கிழமை மெயில்.
காற்று வலப்பக்கமிருந்து வீச வேண்டுமாம்.
நாற்பத்தோரு படத்திலும் நான்
இடப்பக்கமிருந்து வீசியிருந்தேன்.
எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்லவே இல்லை.
ஆனி மாசம்; ஜன்னலுக்கு இடப்பக்கம் மேற்கு;
மலையிலிருந்து வந்த காற்றை
அப்படியே அவள் தலையில் விட்டுவிட்டேன்.
ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க் காற்று.

சண்டைக்குத்தான் போனேன்.
தளவாய் அண்ணன் மேசை டிராயரைத் திறந்து
சென்னையோடு அவர் போட்ட ஒப்பந்தத்தை நீட்டினார்.
ஏழாம் ஷரத்து.
அதே வரி, அதே எழுத்துப்பிழை.
"சென்னைக்காரன் சியோல்ல போட்டதும் இதேதாம்மா.
டோக்கியோல வரையுத பையனுக்கும் இதேதானாம்.
வாடகைக்கு வழியில்லாம
மேசைக்கடியிலேயே படுத்துக்கிடுதானாம்."
யார் சொன்னது என்று கேட்டேன்.
யாரோ சொன்னார்களாம்.

அன்றிரவு அந்தப் பையனை நினைத்தேன்.
கையை இடுப்பில் வைத்தவன் அவன்தானோ,
ஆகாசத்தில் வைத்தவனோ.
அவனுக்குப் படம் ஒன்றுக்கு எவ்வளவு?
அவன் மைனி என்ன கேட்பாள்?

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் ஆறு பேர் போனோம்.
பேச்சிராஜன், டெல்பின் மேரி, உலகு,
ஹமீதாக்கா, கொக்கிரகுளத்துக் கோமு, நான்.
ஒன்பதாம் பக்கத்தில் நாலு விரற்கடை வெற்றிடம்.
டெல்பினுக்குத்தான் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.
அவளே எழுதினாள்:
காற்றை மாற்றினால் கூலி உண்டு.
ஆறு பேரும் அதன் கீழே ஒப்பமிட்டோம்,
மேலே இருந்த கோட்டில் யாரும் இடவில்லை.

"தமிழ்ல எழுதினா அவங்களுக்கு என்னம்மா புரியும்?"
"எங்களுக்கு அது புரிஞ்ச அளவுக்கு, அண்ணே."

ஸ்கேன் செய்து அனுப்பினாரோ,
புதுத் தாள் எடுத்து வைத்திருக்கிறாரோ.
இன்று புதன். மணி ஆறேமுக்கால்.
மேற்கே மழை இருட்டு.
சிறுமியின் கை
இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.